சேலத்துக்கு அடைக்கலம் வந்தவர்கள், பிழைக்க வந்தவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் நகரிலும் ஓமலூர், ஆத்தூர் பக்கமும் ஏற்காடு எஸ்டேட்டுகளிலும், வெளியூரிலிருந்து வந்து தங்கும் குடும்பங்களுக்கு வழிகாட்டும் தன்னார்வக் குழுவின் தொகுப்பு இது. வீட்டுக்காரர்கள், வாத்தியார்கள், முகாம் பிள்ளைகள், பட்டறைத் தொழிலாளிகள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறோம்.

சேலத்துல அகதிங்க இருக்காங்களா? எல்லாம் ராமேஸ்வரம் பக்கம்தானே?

இருக்கிறார்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்த இலங்கைத் தமிழர்களை ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் முகாமிலிருந்து மாநிலம் முழுக்கப் பிரித்து அனுப்பினார்கள். சேலம் மாவட்டத்தில் குறுக்குப்பட்டி, பவளத்தானூர், நாகியம்பட்டி போன்ற இடங்களில் முகாம்கள் உண்டு. 2021 ஆகஸ்டிலிருந்து அரசுக் கோப்புகளில் இவை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’. முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு வாடகை வீட்டில் இருப்பவர்களும் உண்டு. அவர்களை ‘வெளிப்பதிவு’ என்பார்கள்.

இன்னொரு கூட்டம் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, அஸ்ஸாம், மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். தன்பாத் – ஆலப்புழா ரயில் ஜங்ஷனில் நிற்கும்போது பிளாட்பாரத்தைப் பார்த்தாலே தெரியும். இவர்கள் இந்தியக் குடிமக்கள், அகதிகள் அல்ல. இரண்டு தரப்புக்கும் நாங்கள் வேலை செய்கிறோம். ஆனால் இருவரும் போக வேண்டிய அலுவலகமும் சட்டமும் வேறு. அதைக் குழப்பிக்கொண்டால் ஒரு நாள் கூலி போவதுதான் மிச்சம்.

நீங்க என்ன குடுப்பீங்க? அரிசி, துணி, பணம்?

பெரும்பாலும் எதுவும் கொடுப்பதில்லை. கூட வருவோம். தாலுகா ஆபீஸ், ஆதார் மையம், பள்ளிக்கூடம், பெரியாஸ்பத்திரி என எந்த வரிசையில் நிற்பது, எந்த நகல் எத்தனை, அதிகாரி மறுத்தால் அடுத்து யார் என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் மூன்று நடையில் முடிவது ஒரே நடையில் முடியும். அரிசி வாங்க அரசே கடை வைத்திருக்கிறது. அந்தக் கடையில் கைரேகை விழ வைப்பதுதான் எங்கள் வேலை.

புதுசா ஒரு குடும்பம் வந்து இறங்கியிருக்கு. முதல் வாரம் என்ன செய்யணும்?

முதலில் செல்போன் எண். ஆதாரோடு இணைந்த எண் ஊரில் அண்ணன் கையில் இருக்கும். இங்கே எந்தப் பதிவு செய்யப் போனாலும் ஓடிபி அங்கே போகும். அண்ணன் வயலில் இருப்பார், நேரம் கடந்துவிடும். ஆகவே தொழிலாளி தன் பெயரில் ஒரு சிம் வாங்கி, ஆதார் மையத்தில் கைரேகை வைத்து அந்த எண்ணை இணைக்க வேண்டும். இதற்குச் சிறு கட்டணம் உண்டு, ரசீது கேட்டு வாங்குங்கள். இது முடியாமல் மற்ற எதைத் தொட்டாலும் பாதியில் நிற்கும்.

இரண்டாவது, இருக்கும் எல்லாக் காகிதத்தையும் செல்போனில் படம் எடுத்து, குடும்பத்தில் இன்னொருவருக்கும் அனுப்பி வைப்பது. ஆதார், ரேஷன் அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்று, பாஸ்புக் முதல் பக்கம், தடுப்பூசி அட்டை. அசலை மேஸ்திரியிடமோ முதலாளியிடமோ, எங்களிடமோகூடக் கொடுக்கக் கூடாது. ‘பத்திரமாக வைக்கிறேன்’ என்று வாங்கிய ஆதாரைத் திருப்பி வாங்கத்தான் பல வழக்குகளில் முதல் சண்டையே.

அதன் பிறகு பிள்ளைகளுக்குப் பள்ளியோ அங்கன்வாடியோ, பிறகு ரேஷன். கடைசியில் தொழிலாளர் துறையின் புலம்பெயர் தொழிலாளர் பதிவும் மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவும். இ-ஷ்ரம் 16 முதல் 59 வயது வரை உள்ள அமைப்புசாராத் தொழிலாளிகளுக்கு. ஆதார், இணைந்த செல்போன் எண், வங்கிக் கணக்கு போதும். பிஎஃப், இஎஸ்ஐ பிடித்தம் உள்ளவர்களுக்கு அது தேவையில்லை.

ஆதார்ல ஒரு பேரு, பாஸ்புக்ல ஒரு பேரு. இங்க வந்து ஸ்கூல்ல மூணாவதா ஒரு பேரு. எப்படிச் சரி பண்றது?

எங்களிடம் வரும் வேலையில் பாதி இதுதான். நம் ஆட்களுக்கு இனிஷியல் இல்லாமல் ஒரு பெயரை எழுத வராது. ஜார்க்கண்டிலிருந்து வந்த ‘சுனிதா குமாரி’ என்ற சிறுமியின் அப்பா பெயர் ராஜேஷ் என்றால், பள்ளிப் பதிவேட்டில் ‘ஆர். சுனிதா’ ஆகிவிடுகிறாள். குமாரியை அடைமொழி என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். பத்தாம் வகுப்பில் சான்றிதழ் அச்சாகும்போதுதான் வினை தெரியும். முகமது என்பதை ஒரு அட்டையில் ‘எம்டி’ என்று சுருக்கி, இன்னொன்றில் முழுதாக எழுதி, வங்கியில் எம், டி என இரண்டு இனிஷியலாகப் பிரித்த பாஸ்புக்கும் உண்டு.

விதி ஒன்றுதான்: ஆதாரில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதச் சொல்லுங்கள், இனிஷியல் கட்டம் காலியாக இருக்கட்டும். ஆதாரே தப்பாக இருந்தால் முதலில் அதைத் திருத்திவிட்டுத்தான் மற்றவை. பெயரை ஆதாரில் இரண்டு தடவைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரு தடவைதான். அவசரத்தில் தவறான ஆவணத்தோடு போய் ஒரு வாய்ப்பை வீணாக்காதீர்கள்.

முகாம் குடும்பங்களுக்குச் சிக்கல் வேறு மாதிரி. முகாம் அட்டையில் அன்று பதிந்தவர் காதில் விழுந்தபடி ஒரு எழுத்து, இலங்கைப் பிறப்புச் சான்றில் வேறு எழுத்து. அங்கே அட்டையைத் திருத்தும் முன் இலங்கை ஆவணம் ஏதாவது கையில் இருக்கிறதா என்று பாருங்கள். பிற்காலத்தில் எந்த நாட்டின் காகிதத்துக்கு விண்ணப்பித்தாலும் அதுதான் அடிப்படை.

எங்க ஊர் ரேஷன் கார்டுக்கு இங்க அரிசி தருவாங்களா?

தருவார்கள். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. அட்டை உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதாகவும், வந்திருப்பவரின் பெயர் அதில் ஆதாரோடு சேர்ந்தும் இருக்க வேண்டும். அட்டையைக் கொண்டு வர வேண்டியதில்லை, எண் போதும். தானியம் மட்டும்தான், சர்க்கரை, பருப்பு, பாமாயில் தமிழ்நாட்டு அட்டைக்கு உரியவை. குடும்பம் ஊரிலும் இவர் இங்கேயும் இருந்தால் பங்கைப் பிரித்து வாங்கலாம். ஊரில் மொத்தத்தையும் வாங்கிவிட்டால் இங்கே அந்த மாதம் ஒன்றும் வராது. ‘சேலத்துக் கடைக்காரர் ஏமாற்றுகிறார்’ என்று வரும் புகார்களில் நிறைய இந்த வகை.

வெள்ளிப் பட்டறையில் கொலுசு ராவுகிறவர்களுக்கும் கல் உடைக்கிறவர்களுக்கும் விரல் ரேகை தேய்ந்திருக்கும், கருவியில் விழாது. முந்தின ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவி, காலையில் கழுவித் துடைத்துவிட்டு வேறு விரல்களையும் வைத்துப் பாருங்கள். கருவிழிப் பதிவுக் கருவி உள்ள கடையில் இந்தத் தொல்லை இல்லை. மாதக் கடைசியில் போகாதீர்கள்.

டி.சி. இல்லை, பிறப்புச் சான்று இல்லை. புள்ளைய ஸ்கூல்ல சேத்துக்குவாங்களா?

சேர்த்தே ஆக வேண்டும். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயதுப் பிள்ளையை வயதுச் சான்று இல்லை என்றோ மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்றோ திருப்பி அனுப்ப முடியாது. ஆண்டின் நடுவில் வந்தாலும் அப்படித்தான். முகாம் பிள்ளைகளுக்கும் இதே வழிதான்.

கவனிக்க வேண்டியது வகுப்பு. தமிழ் தெரியாது என்பதற்காக ஒன்பது வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்துவிடுகிறார்கள். வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும், பின்தங்கியதை ஈடுகட்டத் தனிப் பயிற்சி தர வேண்டும் என்பது அதே சட்டத்தில் இருக்கிறது. தலைமையாசிரியரிடம் சண்டைக்குப் போகாமல் இதை எடுத்துச் சொன்னாலே பெரும்பாலும் நடந்துவிடும். தொடக்கப் பள்ளியில் காலை உணவும் மதிய உணவும் உண்டு. இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் இதைச் சொன்னால் மறுநாளே பிள்ளை பள்ளியில் இருக்கும்.

நான் டீச்சர். இந்திக்காரப் பசங்க நாலு பேர் வந்திருக்காங்க. எனக்கு இந்தி தெரியாது, என்ன பண்ணலாம்?

முதலில் அந்த நாலு பேருக்கும் இந்திதானா என்று பாருங்கள். ஜார்க்கண்ட் பிள்ளை வீட்டில் சந்தாலியோ சாத்ரியோ பேசும். ஒடிசாப் பிள்ளைக்கு ஒடியா. மொழிபெயர்க்க இந்தி தெரிந்த ஒருவரைக் கூட்டி வந்தால் பிள்ளைக்கு அதுவும் அந்நியமாக இருக்கும்.

எழுத்துக்கு முன் பேச்சு. முதல் சில வாரங்களுக்கு ‘தண்ணி குடிக்கணும்’, ‘பாத்ரூம் போகணும்’, ‘புரியல’, ‘வலிக்குது’, ‘அவன் அடிக்கறான்’ இவ்வளவு போதும். நாலு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள். ஆளுக்கொரு தமிழ்ப் பிள்ளையோடு சேர்த்து உட்கார வையுங்கள். கணக்கில் இவர்கள் பல நேரம் வகுப்பைவிட முந்தியிருப்பார்கள், அங்கே கரும்பலகைக்குக் கூப்பிடுங்கள். தீபாவளி, சட் பூஜை (பீகார்ப் பக்கத்துச் சூரிய வழிபாடு) சமயத்தில் ஊருக்குப் போன குடும்பம் திரும்பி வர ஒரு மாதமும் ஆகும். பெயரை அடித்துவிடாமல் அப்பாவின் செல்போன் எண்ணை வைத்துக் கேளுங்கள்.

வடக்கத்திப் பசங்களுக்கு ரூம் வாடகைக்கு விட்டா போலீஸ் தொந்தரவு வருமா?

ஆட்களின் பெயரும் ஆதார் நகலும் சொந்த ஊர் தொடர்பு எண்ணும் எழுதி ஸ்டேஷனில் ஒரு பிரதி கொடுத்துவிட்டால் தொந்தரவு ஒன்றும் இல்லை. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொண்டாலொழிய, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. எத்தனை பேர் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஆறு பேருக்கு விட்ட அறையில் பதினாறு பேர் தூங்குவதுதான் அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வருகிற உண்மையான தகராறு. தண்ணீரும் கக்கூசும் அதற்குத் தாங்காது.

வெளிநாட்டவருக்கு விட்டால் கதை வேறு. 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் தங்குவதற்கான படிவத்தில் (பழைய ‘சி படிவம்’) தகவல் கொடுக்க வேண்டும். வெளிப்பதிவு இலங்கைத் தமிழர் என்றால் அவருடைய போலீஸ் பதிவைப் பார்த்து, புது விலாசத்தை அங்கே ஏற்றிய பிறகே சாவியைக் கொடுங்கள்.

முகாம்ல இருக்கறவங்களுக்கு எல்லாத்தையும் கவர்மெண்டே குடுக்குதே. அப்புறம் நீங்க எதுக்கு?

கணக்கைப் பார்த்துவிடுவோம். 2021-ல் 317.40 கோடி ரூபாய்க்கு அறிவித்த திட்டத்தில் மாதப் பணக்கொடை உயர்ந்தது: குடும்பத் தலைவருக்கு 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் மாதம் 3,500 ரூபாய். ரேஷன் அரிசி உண்டு. இடிந்த வீடுகளுக்குப் பதில் புது வீடுகளும் கட்டித் தரப்படுகின்றன. இதை வைத்து யாரும் உட்கார்ந்து சாப்பிட முடியாது. பெயிண்ட் அடிக்கவும் கட்டட வேலைக்கும் விடியற்காலையில் கிளம்பிப் போகிறவர்கள்தான் அதிகம்.

இல்லாதது வேறு. இந்தியக் குடியுரிமை தேவைப்படும் அரசு வேலை கிடையாது, ஓட்டு கிடையாது, சாதாரண பாஸ்போர்ட் கிடையாது. ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் இலங்கைக் குடிமக்கள் இங்கே நிலமோ வீடோ வாங்க முடியாது. ஐந்து ஆண்டு வரை குத்தகைக்கு எடுக்கலாம். சேர்த்த காசில் உள்ளூர் நண்பர் பெயரில் மனை வாங்கி, பிறகு நண்பரின் பிள்ளைகளோடு கோர்ட்டுக்குப் போக நேர்கிறது. அப்படி வாங்காதீர்கள்.

நான் முகாம்லயே பிறந்தவன். ஸ்கூல், காலேஜ் எல்லாம் இங்கதான். எனக்கு ஏன் குடியுரிமை இல்லை?

பிறந்த தேதியைப் பொறுத்தது. 1955-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு காலத்தை மூன்றாகப் பிரிக்கிறது. 26.1.1950 முதல் 30.6.1987 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் குடிமகன். 1.7.1987 முதல் 2.12.2004 வரை என்றால் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு, ஒருவர் குடிமகனாக இருந்து மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இல்லாமலும் இருக்க வேண்டும்.

ஆக 1983-க்கும் 1987 ஜூனுக்கும் நடுவில் முகாமில் பிறந்தவர்கள் சட்டப்படி ஏற்கெனவே இந்தியர்கள். மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இதே அடிப்படையில் பாஸ்போர்ட் வழங்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-ல் தீர்ப்பளித்தது. அந்த வயதுக்காரர்கள் சேலத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவை பிறப்புச் சான்று. முகாமில் வீட்டிலேயே நடந்த பிரசவம் பல பதிவாகவில்லை. தாமதப் பதிவுக்கு அலைய வேண்டும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, முகாம் பதிவேட்டில் பெயர் சேர்த்த தேதி, ஞானஸ்நானச் சான்று எல்லாம் துணை நிற்கும்.

1987 ஜூலைக்குப் பின் பிறந்தவர்களுக்கு இந்த வழி மூடியிருக்கிறது. இதை நாங்கள் நைச்சியமாகச் சொல்வதில்லை. ‘ஆதார் இருக்கே’ என்பார்கள். ஆதார் இங்கே வசிப்பதற்குத்தான் சான்று, குடியுரிமைக்கு அல்ல. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்துத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். குடிமகன் என்று பொய்யாக எழுதிக் கொடுத்த படிவம் பிற்காலத்தில் உங்களுக்கு எதிராகவே நிற்கும்.

சிஏஏ-ல எங்களுக்குக் கிடைக்காதா?

கிடைக்காது. சிஏஏ என்கிற 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு மதத்தவருக்கு மட்டும். இலங்கை அதில் இல்லை.

ஆனால் 2025 செப்டம்பரில் வந்த ஒரு சலுகையைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 9.1.2015 வரை இந்தியாவில் அடைக்கலம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள், பாஸ்போர்ட்டோ விசாவோ இல்லாமல் வந்ததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்குப் பெறுகிறார்கள். இது குடியுரிமை இல்லை. ‘எந்த நேரமும் வழக்கு வரும்’ என்ற பயத்துக்கு மட்டும் பதில். பதிவு என்ற சொல்தான் இதில் முக்கியம். பதிவு விட்டுப்போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

எங்க தாத்தா கண்டித் தோட்டத்துல இருந்தவர். நாங்க தாயகம் திரும்பினவங்களா, அகதியா?

வந்த காகிதத்தைப் பாருங்கள். 1964 அக்டோபர் 30-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி, இங்கிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்றானது. அதன்படி இந்தியப் பாஸ்போர்ட்டோடு வந்தவர்கள் தாயகம் திரும்பியோர். வந்த அன்றே குடிமக்கள், அவர்கள் பிள்ளைகளும் அப்படியே. குழப்பம் எங்கே என்றால், இந்தியக் குடியுரிமைக்கு மனு போட்டும் கப்பலேற முடியாமல் போய், 1983-க்குப் பின் படகில் வந்தவர்கள். அவர்களை அகதி என்றே பதிந்தார்கள். வீட்டுப் பெட்டியில் பழைய பாஸ்போர்ட், குடும்ப அட்டை, மனு எண் எழுதிய துண்டுச் சீட்டு எது இருந்தாலும் தூக்கி எறியாதீர்கள். மஞ்சளாகிப்போன அந்தத் தாளை வைத்து வழக்கு நடத்த முடியும்.

இலங்கைக்கே திரும்பிப் போகலாம்னு இருக்கோம். எப்படி?

ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் சென்னை அலுவலகம் விருப்பப்பட்டுத் திரும்புவோருக்கு உதவுகிறது. 1984-ல் ஈழ அகதிகளே தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகமும் ஆவணங்களுக்கு உதவும். இங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிய வேண்டும். அதற்கு நம் ஊர்ப் பிறப்புச் சான்றில் பிள்ளையின் பெயர் இருக்க வேண்டும். பல சான்றுகளில் ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் இருக்கும். பெயர் சேர்க்கும் வேலையை முதலில் முடியுங்கள். அடுத்து வெளியேறும் அனுமதி, அதற்குத் தமிழ்நாடு காவல்துறையின் உளவுப் பிரிவான க்யூ பிரிவின் விசாரணை. வீட்டுச் சாமானை விற்பது எல்லாவற்றுக்கும் கடைசி. தேதி தள்ளிப்போய், பாத்திரம்கூட இல்லாமல் காத்திருக்க நேரும். படகில் போகாதீர்கள்.

மேஸ்திரி மூணு மாசக் கூலி தராம ஓடிட்டாரு. ஓனரைக் கேட்டா ‘அவர்கிட்ட குடுத்துட்டேன்’ங்கறார்.

ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் வேலை வாங்கிய நிறுவனமே தர வேண்டும். ‘அவரிடம் கொடுத்துவிட்டேன்’ என்பது பதில் ஆகாது; கொடுத்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்வது ஓனர் பாடு. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்புப்படி வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும்.

அங்கே வேலை பார்த்ததற்கு என்ன சாட்சி என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. வேலைக்குச் சேர்ந்த அன்றிலிருந்தே இதைச் செய்யுங்கள்: நாளும் நேரமும் ஒரு நோட்டில், கம்பெனி போர்டு தெரிய ஒரு போட்டோ, மேஸ்திரியோடு பேசிய வாட்ஸ்அப் குரல் பதிவை அழிக்காமல் வைத்திருத்தல், சாப்பாட்டுச் செலவுக்கு அவ்வப்போது அனுப்பிய ஜிபே வரவு. ஐநூறு ரூபாய் வரவு ஒன்று, ‘இந்த ஆளை எனக்குத் தெரியாது’ என்றவரைப் பேச்சுவார்த்தைக்கு வர வைத்துவிடும்.

மனுவைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஆட்சியர் அலுவலகத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம், அந்த மனு எண்ணைத் தொடர்ந்து விசாரிக்க முடியும். குழுவாக ஊருக்கு ரயிலேறும் முன் ஒருவரையாவது எழுத்து மூலம் பிரதிநிதியாக வைத்துவிட்டுப் போங்கள். எல்லோரும் போய்விட்டால் மனு தூங்கிவிடும் என்பது எதிர்த்தரப்புக்கும் தெரியும். வழக்கறிஞர் தேவையானால் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசம், உதவி எண் 15100.

ஏற்காட்டுல எஸ்டேட் லைன் வீட்டுல இருக்கோம். அட்வான்ஸ் கழியற வரைக்கும் போகக் கூடாதுங்கறாங்க.

அட்வான்ஸ் வாங்கியது குற்றமில்லை. அதைக் காட்டி வெளியே போக விடாமல் தடுப்பது, வேறு வேலைக்குப் போகாதே என்பது, குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுப்பது, இதெல்லாம் 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமை முறை. அந்தக் கடன் சட்டப்படி செல்லாது. ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ புகார் கொடுக்கலாம், தொழிலாளியே வர வேண்டியதில்லை, யார் வேண்டுமானாலும் சொல்லலாம். விசாரணை முடிந்ததும் விடுதலைச் சான்று வாங்காமல் ஊருக்குப் போகாதீர்கள். நிவாரணம் எல்லாம் அந்த ஒரு தாளின் மேல்தான்.

எல்லா எஸ்டேட்டும் இப்படி இல்லை. வழக்கமாக வரும் தகராறு எடை சம்பந்தப்பட்டது. காபிப் பழம் பறிக்கிற நவம்பர் முதல் ஜனவரி, பிப்ரவரி வரை கூலி கிலோக் கணக்கில். மூட்டை எடை, ஈரம் என்று கழித்த பிறகு எவ்வளவு எழுதினார்கள் என்பதைத் தராசு முன்னால் நின்றே பார்த்து உங்கள் நோட்டிலும் எழுதுங்கள். சாயங்காலம் கேட்டால் பழம் தோல் உரிக்கும் பல்ப்பர் இயந்திரத்துக்குப் போயிருக்கும்.

இவங்க குறைஞ்ச கூலிக்கு வர்றதாலதான் எங்களுக்கு வேலை இல்லை. நீங்க அவங்களுக்கு உதவி பண்றது நியாயமா?

கோபம் புரிகிறது. ஆனால் குறைந்த கூலியை நிர்ணயித்தது வந்தவர் அல்ல. அவருக்கும் முழுக்கூலி கிடைத்தால் உங்களை ஒதுக்கிவிட்டு அவரை வைக்க முதலாளிக்குக் காரணமே இல்லை. ஆகவே மேலே சொன்ன கூலி மனுக்கள் உங்களுக்கும் சேர்த்துத்தான். சேர்வராயன், கல்வராயன் மலைகளிலிருந்து மிளகும் காபியும் பறிக்கக் கேரளத்துக்கும் குடகுக்கும் போகிறவர்கள் அங்கே இதே பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

உடம்பு சரியில்லாம போனா, வேலையில அடிபட்டா?

அரசு மருத்துவமனையில் யாருக்கும் சிகிச்சை உண்டு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் முகாம் குடும்பங்களுக்கு வருமான வரம்பு கிடையாது. ஆறு மாதத்துக்கு மேல் இங்கே இருக்கும் வெளிமாநிலத்தவரும் உரிய அதிகாரியின் சான்றோடு சேரலாம். பீகார், ஜார்க்கண்ட், அஸ்ஸாமில் வாங்கிய ஆயுஷ்மான் மருத்துவக் காப்பீட்டு அட்டை இங்கே திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் செல்லும்.

வேலையில் அடிபட்டால் பதிவுச் சீட்டில் ‘வேலையிடத்தில் அடிபட்டது’ என்று எழுத வையுங்கள். கூட்டி வந்த சூப்பர்வைசர் ‘பைக்கில் விழுந்தான்’ என்று சொல்லிவிட்டால் இழப்பீடு அங்கேயே முடிந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம், மாதச் சம்பளம் 21,000-க்குள் என்றால் இஎஸ்ஐ எண் இருக்க வேண்டும். அந்த எண் வேறு மாநிலத்துக்குப் போனாலும் தொடரும்.

‘தமிழ்நாட்டுல அடிக்கறாங்க’ன்னு வீடியோ வந்தா பசங்க மூட்டை கட்டிடறாங்களே?

2023 மார்ச்சில் அப்படித்தான் நடந்தது. எங்கேயோ நடந்த சண்டைகளின் வீடியோவைத் தமிழ்நாட்டில் நடந்தது என்று பரப்பினார்கள். ஊரில் அம்மா அழுகிறாள் என்றால் பையன் கிளம்பத்தான் செய்வான், விளக்கம் அவனுக்கு அல்ல அம்மாவுக்குத் தேவை. அவன் மொழியில், அவன் ஊர்க்காரர் ஒருவர் குரலில், இன்றைய தேதி சொல்லி ஒரு ஆடியோ அனுப்புங்கள். மாவட்டக் காவல்துறையின் மறுப்பைத் தமிழில் அனுப்பிப் பயனில்லை. உண்மையிலேயே சம்பவம் நடந்திருந்தால் மூடி மறைக்காமல் 100-க்குச் சொல்லி, வழக்கு எண் வாங்குங்கள்.

முகாம் பொண்ணு, உள்ளூர்ப் பையன். கல்யாணம் பண்ணா பொண்ணுக்குக் குடியுரிமை வந்துடுமா?

கல்யாணத்துக்குத் தடை இல்லை. கட்டாயம் பதிவு செய்யுங்கள். ஆனால் தாலி ஏறியதும் குடியுரிமை வராது. குடிமகனின் மனைவி ஏழு ஆண்டு வசித்த பிறகு விண்ணப்பிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. அதே சட்டம் சட்டவிரோதமாகக் குடியேறியவர் விண்ணப்பிக்க முடியாது என்றும் சொல்கிறது. காகிதமில்லாமல் வந்த குடும்பத்தின் பெண் எந்தப் பக்கம் என்பதில்தான் சிக்கல், பிள்ளைகளின் நிலையும் (மேலே சொன்ன மூன்றாவது காலப்பிரிவு) அதில் தொங்குகிறது. விமானத்தில் விசாவோடு வந்தவரா, படகில் வந்தவரா, இங்கேயே பிறந்தவரா என்பதைப் பொறுத்து ஆளுக்கு ஆள் பதில் மாறும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்தது என்பதை நம்பி முடிவு செய்யாமல் 15100-ல் கேளுங்கள்.

நாங்களும் வந்து உதவி பண்ணலாமா? பழைய துணி நிறைய இருக்கு.

முகாமுக்குள் நினைத்த நேரத்தில் போக முடியாது, வருவாய்த் துறை அனுமதி வேண்டும். பட்டறைக்கும் எஸ்டேட் லைனுக்கும் கட்டுப்பாடு இல்லை; வாராந்திர விடுமுறை அன்று மதியத்துக்கு மேல் வாருங்கள், காலையில் துணி துவைத்துச் சமைத்துக்கொண்டிருப்பார்கள். போட்டோ எடுக்காதீர்கள். ‘எப்ப வந்தீங்க, எப்படித் தப்பிச்சீங்க’ என்று கதை கேட்காதீர்கள். முடியுமா என்று தெரியாத ஒன்றை முடித்துத் தருகிறேன் என்று சொல்லாதீர்கள்.

எங்களுக்கு இப்போது தேவை வார நாளில் அரை நாள் ஒதுக்கி, ஒரு குடும்பத்தோடு ஆதார் மையத்துக்கோ பெரியாஸ்பத்திரிக்கோ போய் வரக் கூடியவர்கள். ஒடியா, வங்காளம், சந்தாலி பேசத் தெரிந்தவர் கிடைத்தால் விடமாட்டோம். துணி வேண்டாம். நவம்பருக்கு முன் ஏற்காட்டுக்குப் புதுக் கம்பளியும் மழைக்கோட்டும் கொடுக்கலாம்; கம்பளி ஆளுக்கொன்று, குடும்பத்துக்கு ஒன்று என்றால் பிள்ளைகளுக்குப் போர்த்திவிட்டுப் பெரியவர்கள் குளிரில் கிடப்பார்கள்.